லில்லியில் தேமல் கண்டால்: பிடுங்குவதா, ஒதுக்கி வைப்பதா, விதையிலிருந்து தொடங்குவதா?

உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டுத் தோட்டத்தில் லில்லி வளர்ப்பவர்கள் ஏதேனும் ஒரு பருவத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்க நேரிடும். கிழங்கிலிருந்து எழுந்த தண்டின் இளம் இலைகளில் வெளிறிய கோடுகள் தென்படுகின்றன; மொட்டு ஒருபுறமாக வளைகிறது; அடுத்த செடியோ எந்தக் குறையுமின்றி நிற்கிறது. பூசண நோயென்றால் மருந்து தெளிக்கலாம், சத்துக்குறை என்றால் உரமிடலாம். ஆனால் தேமல் என்பது வைரஸ் நோய்; வைரஸ் ஒருமுறை செடிக்குள் புகுந்துவிட்டால், தோட்டத்தில் தெளித்து அதைக் குணப்படுத்தக்கூடிய மருந்து எதுவும் கிடையாது. ஆகவே இங்கே தேர்வு என்பது சிகிச்சைகளுக்கு இடையிலானது அல்ல. செடியைப் பிடுங்கி அழிப்பது, தனியே ஒதுக்கி வைத்துக் காப்பாற்றுவது, நோயைப் பரப்பும் பூச்சியை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டு பாத்தியை அப்படியே தொடர்வது, விதையிலிருந்தோ புதிய கிழங்கிலிருந்தோ மறுபடி தொடங்குவது ஆகிய வழிகளுக்குள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரும்பாலோர் செடியின் தோற்றத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மிகவும் வாடிய செடி பிடுங்கப்படுகிறது. ஓரளவு பூக்கும் செடி தப்பிவிடுகிறது. என் கருத்தில் இது தலைகீழான முறை. நோயுற்றும் நன்றாகப் பூக்கும் செடிதான் ஆண்டுக்கணக்கில் பாத்தியில் நின்று மற்றவற்றுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் செடிக்கு அருகில் எவை வளர்கின்றன, அந்த வகை மறுபடி கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே லில்லி என்று சொல்வது லிலியம் பேரினத்தைச் சேர்ந்தவற்றை மட்டுமே. கொய்மலர்ப் பண்ணைகளில் 'லில்லியம்' என்று அழைக்கப்படும் ஏசியாட்டிக், ஓரியண்டல் கலப்பினங்கள், வெண்ணிற ஈஸ்டர் லில்லி, புள்ளியிட்ட புலி லில்லி, ஃபார்மோசா லில்லி ஆகியவை இதில் அடங்கும். மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, கல்வாழை போன்றவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை; அவற்றின் வைரஸ் நோய்களும் பெரும்பாலும் வேறு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் இயற்கையாகவே ஒரு உண்மையான லில்லி இருக்கிறது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் பெயரிட்ட நீலகிரி லில்லி அது. நீண்ட வெண்ணிறக் குழல்வடிவப் பூவும் மணமும் உடையது. உலகில் லிலியம் பேரினம் இயற்கையாக வளரும் இடங்களில் தென்கோடி இந்த மலைகளே. தோட்டத்து நோயை வேலிக்கு வெளியே விடக்கூடாது என்பதற்கு மலைவாசிகளுக்கு மட்டும் உரிய கூடுதல் காரணம் இது.

முதலில், அது வைரஸ்தானா?

எந்த வழியையும் எடைபோடுவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் சத்துக்குறையைத் தேமல் என்று எண்ணி நல்ல கிழங்குகளைத் தீயிலிடுவதும், தேமலைச் சத்துக்குறை என்று எண்ணி உரமிட்டு வளர்ப்பதும் ஒரே அளவுக்கு நடக்கின்றன.

வைரஸ் தாக்கிய இலையைப் பறிக்காமல் வெளிச்சத்துக்கு எதிராக மெல்லத் தூக்கிப் பார்த்தால், பச்சை நிறம் சீராக இல்லாமல் நரம்புகளை ஒட்டி நீளவாக்கில் அடர்ந்தும் வெளிறியும் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோடுகளுக்குத் தெளிவான விளிம்பு இருக்காது. பச்சை மெல்ல மெல்ல மஞ்சளுக்குள் கரைந்திருக்கும். இலையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல் இராது. இரும்புச்சத்துக் குறை இதற்கு நேர்மாறானது: நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பட்ட பகுதி முழுவதும் இருபுறமும் சீராக வெளுக்கும்; சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும்; இரும்பு கொடுத்தால் அதன்பின் வரும் தளிர்கள் பச்சையாகும். களைக்கொல்லி காற்றில் அடித்து வந்ததால் ஏற்படும் முறுக்கமும் அப்படித்தான், ஒரே நேரத்தில் பல செடிகளில் தோன்றும். வைரஸ் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோன்றும்; நோயுற்ற செடிக்கு இருபுறமும் பசுமையான செடிகள் நிற்பது அதன் வழக்கமான அடையாளம்.

மழைக்காலத்தில் லில்லிக்கு வரும் பாட்ரிடிஸ் கருகல் நோயைத் தேமலுடன் குழப்பிக்கொள்வதற்கு உண்மையில் காரணம் இல்லை, ஆனாலும் குழப்பிக்கொள்கிறார்கள். அது பூசணம். நீள்வட்டமான பழுப்புப் புள்ளிகளாக, தெளிவான விளிம்புடன், பெரும்பாலும் கீழ் இலைகளில் தொடங்கி மேலே ஏறும். இலைப்பேன் சுரண்டிய இலையில் வெள்ளிப் பூச்சு போன்ற மினுமினுப்பு இருக்கும். உறைபனியில் சுருண்ட குருத்து அதற்குப் பிறகு வரும் இலைகளில் சரியாகிவிடும். தண்டு பட்டையாகத் தட்டையாகி, அதன் உச்சியில் அளவுக்கு மீறிய மொட்டுகள் நெருக்கமாகப் பூக்கும் விநோதத்தைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அது பொதுவாகத் தண்டின் நுனியில் நேர்ந்த வளர்ச்சிக் கோளாறு, பெரும்பாலும் அடுத்த ஆண்டு தானே மறைந்துவிடும். அதற்காகக் கிழங்கைத் தோண்ட வேண்டியதில்லை.

பூவில் தெரியும் அறிகுறிகள் இலையைவிட உறுதியானவை. சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளில் நிறம் திட்டுத்திட்டாகச் சிதறி, ஆழ்ந்த நிறக் கோடுகளும் வெளிறிய பட்டைகளும் மாறிமாறி வரும். வெள்ளைப் பூவில் இந்த நிறச்சிதறல் தெரியாது என்பதால் அங்கே வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். இதழ்கள் கோணலாக வளைதல், மொட்டு ஒருபக்கம் மட்டும் விரிதல், விரியாமலே பழுத்து உதிர்தல் ஆகியவை ஆண்டுதோறும் அதே செடியில் திரும்ப வந்தால் ஐயப்பட இடமுண்டு. ஆண்டுக்கு ஆண்டு தண்டு குட்டையாகிக்கொண்டே வருவதும், மொட்டுகளின் எண்ணிக்கை குறைவதும், கிழங்கு பருக்காமல் சிறுத்துப்போவதும் அறிகுறிகளே, ஆனால் அவை மெதுவாக வருவதால் கண்ணுக்குப் படுவதில்லை.

பார்க்கும் காலமும் முக்கியம். குளிர்ந்த நாட்களில் தளிர்க்கும் இலைகளில் தேமல் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறும்போது அது மங்கிவிடும். மங்கியதைக் கண்டு செடி தேறிவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. தண்டு ஒரு சாண் உயரம் வந்தவுடன் ஒருமுறையும், மொட்டு நிறம் காட்டும்போது ஒருமுறையும் பாத்தியைச் சுற்றிப் பார்த்து, ஐயத்துக்குரிய செடிகளின் அருகே குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுவது நல்லது.

நான்கு வைரஸ்கள், இரண்டு பயண முறைகள்

லில்லியைத் தாக்கும் வைரஸ்கள் பல. தோட்டக்காரரின் முடிவைப் பாதிப்பவை என்று பார்த்தால் நான்கைச் சொல்லலாம். முதலாவது, அறிகுறியற்ற லில்லி வைரஸ். 1944ஆம் ஆண்டில் பிரையர்லி, ஸ்மித் ஆகிய அமெரிக்க நோயியலாளர்கள் விவரித்த இது, தனியே இருக்கும்போது பெயருக்கேற்ப எதையும் காட்டாது. கிழங்கின் எடையையும் பூவின் அளவையும் சத்தமில்லாமல் குறைக்கும். இரண்டாவது, லில்லித் தேமல் வைரஸ்; துலிப் மலர்களின் நிறத்தைச் சிதறடிக்கும் வைரஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. மூன்றாவது, வெள்ளரித் தேமல் வைரஸ். லில்லிக்கு மட்டுமல்லாமல் வெள்ளரி, தக்காளி, மிளகாய், வாழை, களைச்செடிகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் குடியிருப்பது. முதலாவதும் மூன்றாவதும் ஒரே செடியில் சேர்ந்தால் ஈஸ்டர் லில்லியின் இலைகளில் திசு இறந்து புள்ளிகளாகக் காயும். தனித்தனியே தாங்கக்கூடிய இரு தொற்றுகள் சேரும்போது தாங்க முடியாததாக மாறுவது லில்லியில் அடிக்கடி நிகழ்கிறது.

இந்த மூன்றையும் பரப்புவது செடிச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி. பருத்தி அசுவினி, உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோசிலும் காணப்படும் பச்சை அசுவினி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

நான்காவது வைரஸ் வேறு வகை. பிளாண்டகோ ஏசியாட்டிகா தேமல் வைரஸ் என்ற அது 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லில்லிகளில் கண்டறியப்பட்டது. ஓரியண்டல் வகைகளின் இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புக் கீற்றுகளை உண்டாக்குவது. அதற்கு அசுவினி தேவையில்லை. சாறு பட்ட கத்தி, கை, கிழங்குகளைக் கழுவிய நீர், முந்தைய பயிரின் வேர்மிச்சங்கள் கிடக்கும் மண் ஆகியவற்றின் வழியே அது செல்லும்.

இத்தனை வேறுபாடுகளுக்கும் இடையில் ஒரு பொதுத்தன்மை உண்டு: எல்லாமே கிழங்கு வழியே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஒரே உருளைக்கிழங்கு விதையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நட்டால் விளைச்சல் தேய்வதை நீலகிரி விவசாயிகள் அறிவார்கள். லில்லியிலும் அதேதான் நடக்கிறது. செதில்களைப் பிரித்து நட்டாலும், தண்டின் அடியில் உருவாகும் குட்டிக் கிழங்குகளை எடுத்து நட்டாலும், தாயின் நோய் அப்படியே பிள்ளைக்கு வரும்.

பிடுங்கி அழிப்பது

மனத்துக்கு மிகக் கடினமானதும் பயனில் மிக உறுதியானதும் இந்த வழியே. இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பெர்முடாத் தீவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் சந்தைக்கு ஈஸ்டர் லில்லிக் கிழங்குகளை அனுப்பிச் செழித்தது. பின்னர் அந்தப் பயிர் நோயால் சீரழிந்தது. 1920களில் அங்கே தாவர நோயியலாளராகப் பணியாற்றிய லாரன்ஸ் ஒகில்வி, சேதத்துக்குக் காரணம் அசுவினி பரப்பும் வைரஸ் என்று காட்டினார். அதன்பின் வயல்களும் கிழங்கு கட்டும் கூடங்களும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டன, ஏற்றுமதி மீண்டது. மருந்து எதுவும் அந்த மீட்சியைக் கொண்டுவரவில்லை.

ஆனால் பிடுங்குவதைச் சரியாகச் செய்ய வேண்டும். செடியை அசைத்தவுடன் அதிலிருக்கும் அசுவினிகள் இறங்கி அடுத்த செடிக்கு நடக்கும். எனவே முதல்நாளே சோப்புக் கரைசலோ வேப்ப எண்ணெய்க் கரைசலோ தெளித்து அவற்றைக் கொன்றுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். சுற்றியுள்ள மண்ணோடு அகலமாகத் தோண்டி, தண்டின் மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகளையும் உதிர்ந்த செதில்களையும் பொறுக்கி எடுக்க வேண்டும். எடுத்ததை எருக்குழியில் போடக்கூடாது, ஏனெனில் லில்லிக் கிழங்கு அங்கே அழுகாமல் முளைத்துக்கொள்ளும். எரிப்பது சிறந்தது, இயலாவிட்டால் உறையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் ஏதாவது ஒரு செதில் தப்பும் என்பதால் அடுத்த இரண்டு பருவங்களுக்கு அந்த இடத்தில் புல்போல் எழும் மெல்லிய லில்லி முளைகளைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும்.

அசுவினி பரப்பும் மூன்று வைரஸ்களும் உயிருள்ள செடிக்கு வெளியே மண்ணில் நிலைப்பதில்லை. மிச்சக் கிழங்குகள் இல்லை என்று உறுதியானால் அதே இடத்தில் மறுபடி லில்லி நடலாம். பழுப்புக் கீற்று கண்ட ஓரியண்டல் செடிகளின் இடத்தில் மட்டும் அப்படிச் செய்யாமல் வேறு பூச்செடிகளை வைப்பதே பாதுகாப்பு.

இந்த வழியின் குறை, அது காணும் நோயை மட்டுமே அகற்றும் என்பது. அறிகுறி காட்டாத தொற்று பாத்தியிலேயே நிற்கும். ஆகவே ஒருமுறை பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்று கருதாமல், பருவந்தோறும் பார்த்துப் பிடுங்குவதை வழக்கமாக்கினால்தான் பலன் கிட்டும்.

ஒதுக்கி வைப்பது

மறுபடி கிடைக்காத ஒரு வகை, குடும்பத்தில் தலைமுறையாக வந்த செடி என்றால் பிடுங்கச் சொல்வது எளிது, செய்வது கடினம். இதற்காகச் சொல்லப்படும் மாற்று, செடியைத் தொட்டியில் மாற்றித் தொலைவில் வைப்பது. இறக்கை முளைத்த அசுவினி காற்றோடு வெகுதூரம் போகும் என்பதால் தொலைவு மட்டும் காப்பாகாது. அசுவினி நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாக நெய்த பூச்சித்தடுப்பு வலைக்குள் தொட்டியை வைத்து, அதற்கென்று தனிக் கத்தி வைத்து, தோட்ட வேலையில் கடைசியாக அதைத் தொடுவது என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடிந்தால் மட்டுமே இதை ஒதுக்கி வைத்தல் என்று சொல்லலாம். வேலியோரத்துக்கு மாற்றி நடுவது இடமாற்றம்தான்.

வேறு லில்லியே இல்லாத ஒரு மாடித் தோட்டத்தில், வீரியம் குறைந்தாலும் பூக்கும் ஒற்றைத் தொட்டிச் செடியை வைத்துக்கொள்வதில் தவறில்லை. நன்கு உரமிட்டு நீரளவைச் சீராக வைத்தால் சில வகைகள் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதே மாடியில் மிளகாயும் தக்காளியும் வெள்ளரியும் இருந்தால் நிலை மாறுகிறது, ஏனெனில் அது வெள்ளரித் தேமல் வைரஸாக இருந்தால் சமையலறைக் காய்களுக்கும் போகும். இந்த இடத்தில்தான் பரிசோதனைக்குச் செலவழிப்பது பொருளுடையதாகிறது. இலைச்சாற்றில் வைரஸைக் கண்டறியும் எலைசா முறையும், அதைவிட நுட்பமான பிசிஆர் முறையும் உள்ளன. உதகை, கொடைக்கானல் ஆகிய ஊர்களிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலோ கோவையிலுள்ள அதன் பயிர் நோயியல் துறையிலோ முதலில் விசாரிக்கலாம். வைரஸ் செடி முழுவதும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. கோடையில் எடுத்த ஒற்றை இலையில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் அதைச் செடிக்குக் கிடைத்த நற்சான்றாகக் கொள்ளக்கூடாது.

மருந்தடித்துத் தொடர்வது

பலரும் விரும்பித் தேர்வதும், தனியே நின்றால் மிகக் குறைவாகப் பயன்படுவதும் இந்த வழி. காரணம் அசுவினியின் பழக்கத்தில் இருக்கிறது. இறக்கை உள்ள அசுவினி ஒரு செடியில் இறங்கியதும் அது தனக்கேற்ற உணவுதானா என்று பார்க்க ஊசி போன்ற வாயுறுப்பால் சில நொடிகள் குத்திச் சுவைக்கும். பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் பறக்கும். லில்லியைத் தாக்கும் இவ்வகை வைரஸ்கள் அந்த வாயுறுப்பின் நுனியில் ஒட்டிக்கொண்டு அடுத்த குத்தலிலேயே இறங்கிவிடுகின்றன. பூச்சிக்கொல்லி அசுவினியைக் கொல்வதற்குள் தொற்று நடந்து முடிந்திருக்கும். லில்லியில் குடியேறாத, வழிப்போக்காக வந்து சுவைத்துவிட்டுப் போகும் அசுவினியும் நோயைக் கொடுக்கும் என்பதால், 'என் செடியில் அசுவினியே இல்லை' என்பதும் ஆறுதலாகாது.

இதனால்தான் நெதர்லாந்தின் கிழங்கு வயல்களில் கனிம எண்ணெய் தெளிக்கிறார்கள். இலைமேல் படியும் எண்ணெய்ப்படலம், வைரஸ் வாயுறுப்பில் ஒட்டுவதையும் அங்கிருந்து இறங்குவதையும் தடுக்கிறது. ஆனால் புதிதாக விரியும் ஒவ்வொரு இலையும் எண்ணெய் படாத இலை என்பதால் வளரும் காலம் முழுவதும் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். கடும் வெயிலில் இலை கருகும் வாய்ப்பும் உண்டு. பண்ணைக்குப் பொருந்தும், பத்துச் செடி வைத்திருப்பவருக்கு வேலையே மிஞ்சும். வீட்டுத் தோட்டத்துக்கு, வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து அசுவினிக் கூட்டம் பெருகாமல் பார்ப்பது, அசுவினிகளுக்குக் காவல் காக்கும் எறும்புகளைத் தடுப்பது, பாத்தியைச் சுற்றிக் களையெடுப்பது, வெள்ளி நிற மூடாக்குத் தாள் விரித்து வரும் அசுவினியைக் குழப்புவது ஆகியவை துணை நடவடிக்கைகள். மஞ்சள் ஒட்டுப்பொறி அசுவினி வரத்தைத் தெரிந்துகொள்ள உதவும். அதைத் தற்காப்பு என்று நம்ப வேண்டாம். நோயுற்ற செடி பாத்தியில் நிற்கும்வரை இவை எல்லாம் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் வேலைதான்.

விதையிலிருந்து தொடங்குவது

லில்லியைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் கிழங்கு வழியே தவறாமல் போகின்றன. விதை வழியே பொதுவாகப் போவதில்லை. தாய்ச்செடி தேமலால் கோணலாகப் பூத்தாலும், அதன் காயில் முற்றிய காகிதம் போன்ற விதைகளிலிருந்து நோயற்ற நாற்று கிடைக்கும். வீட்டுத் தோட்டக்காரரின் கைக்கு எட்டும் ஒரே தூய்மைப்படுத்தும் முறை இதுவே என்பதால், இந்த வழிக்கு நான் மற்றவற்றைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறேன். செலவும் மிகக் குறைவு.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பது இனத்தைப் பொறுத்தது. ஃபார்மோசா லில்லி விதைத்த ஓராண்டுக்குள்ளேயே பூத்துவிடக்கூடியது. ஈஸ்டர் லில்லியும் அதிகம் காக்க வைப்பதில்லை. ரீகல் லில்லி இரண்டாம் மூன்றாம் ஆண்டில் பூக்கும். மார்டகன் வகை முதலில் மண்ணுக்குள்ளேயே முளைத்துச் சிறு கிழங்காகி, குளிர் கடந்த பிறகே முதல் இலையை வெளியே விடும். அது பூப்பதற்குள் பல ஆண்டுகள் போய்விடும். மலைப்பகுதியின் மிதமான வெப்பத்தில், நீர் தேங்காத மக்கிய இலைமண்ணும் மணலும் கலந்த தட்டில் மெல்லிதாக மூடி விதைத்தால் முதல் மூன்று வகைகளும் சில வாரங்களில் வெங்காய நாற்றுபோல் முளைத்து வரும்.

குறைகள் இரண்டு. ஓரியண்டல், ஏசியாட்டிக் கலப்பினங்களின் விதை தாயைப் போல் பூக்காது. பல கலப்பினங்கள் விதையே பிடிக்காது. குறிப்பிட்ட ஒரு நிறப் பூதான் வேண்டும் என்பவருக்கு விதை விடையாகாது. அடுத்தது, விதை முற்றுவதற்காக நோயுற்ற தாயை மாதக்கணக்கில் பாத்தியில் நிற்கவிட நேர்வது. பூ உதிர்ந்து காய் பிடித்ததும் செடியை வலையால் மூடி வைப்பது அவசியம். நாற்று நோயற்றதாகப் பிறக்கிறதே தவிர நோயெதிர்ப்புடன் பிறப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஃபார்மோசா லில்லி மிக எளிதில் தொற்றுக்கு ஆளாகும் இனம். அதனாலேயே பாத்தியின் ஓரத்தில் சில ஃபார்மோசா நாற்றுகளை நட்டு, வைரஸ் வருகிறதா என்பதை முன்கூட்டியே அறியும் வழக்கம் உண்டு. அது எளிதில் கிடைப்பதும் விரைவில் வளர்வதும் இந்தப் பணிக்குத் தோதாக அமைகின்றன.

புதிய கிழங்கும் திசு வளர்ப்பும்

கலப்பினமே வேண்டும் என்பவர் புதிய கிழங்கு வாங்க வேண்டியதுதான். இந்தியாவில் கொய்மலருக்கு நடப்படும் லில்லிக் கிழங்குகளில் பெரும்பகுதி நெதர்லாந்திலிருந்து வருகிறது. அங்கே கிழங்கு ஆய்வு அமைப்பு வைரஸ் சோதனை செய்து தரம் பிரிக்கிறது. சோதிக்கப்பட்டது என்பதற்கு நோய் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பதே பொருள். அறவே இல்லை என்பதல்ல. பண்ணையில் பூ வெட்டிய பின் கழித்துவிடும் கிழங்குகள் மலிவாகக் கிடைத்தால் ஆசை வருவது இயல்பு. பல ஆயிரம் தண்டுகளை ஒரே கத்தியால் வெட்டிய பாத்தியிலிருந்து வருபவை அவை. எனக்குக் கொடுத்தால் தனித் தொட்டியில் ஒரு பருவம் பார்க்காமல் மண்ணில் இறக்கமாட்டேன். விலை கொடுத்து வாங்கிய கிழங்குக்கும் இந்த ஒரு பருவக் காவல் நல்லதே. வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் கிழங்கு கொண்டுவருவது, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி அனுமதியும் நலச்சான்றும் இல்லாவிட்டால், சட்டத்துக்குப் புறம்பானது.

நோயுற்ற அதே வகையைத் தூய்மையாக்க உண்மையில் ஒரு வழி உண்டு. வளர்நுனியின் உச்சியில் ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த திசுவில் வைரஸ் பெரும்பாலும் எட்டியிருக்காது. அதைவெட்டி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் நோயற்ற செடி கிடைக்கும். 1952ஆம் ஆண்டில் மொரெல், மார்டின் ஆகியோர் பிரான்சில் டாலியாச் செடியில் இதைச் செய்துகாட்டினார்கள். லில்லியில் வெப்பச் சிகிச்சையையும் சேர்த்து இது கையாளப்படுகிறது. எல்லா நுனியும் தூய்மையாக வருவதில்லை, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். கலப்பின உற்பத்தியாளருக்கு இது அன்றாட வேலை. ஒரு வீட்டுச் செடிக்காக இதை நாடுவது அந்த வகை வேறெங்கும் இல்லை என்றால் மட்டுமே நியாயப்படும்.

யாருக்கு எது

பல வகை லில்லிகள் கலந்த பாத்தி உடையவர் தயங்காமல் பிடுங்குவதே சரி; சந்தேகத்தின் பலனைச் செடிக்குக் கொடுப்பதைவிடப் பாத்திக்குக் கொடுக்க வேண்டும். ஈஸ்டர், ஃபார்மோசா, ரீகல் போன்ற இன லில்லிகள் மட்டுமே வளர்ப்பவர் விதையெடுத்துவிட்டுப் பிடுங்கலாம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாத்தியையே விதை நாற்றால் புதுப்பிக்கலாம். அரிய ஒற்றைச் செடி உடையவருக்கு வலையும் தொட்டியும். அந்தச் செடி விதை பிடித்தால் அதுவும். பசுமைக்குடிலில் சிறிய அளவில் கொய்மலர் வளர்ப்பவர், பழுப்புக் கீற்றுத் தொற்றை மனத்தில் வைத்து, பாத்திக்குப் பாத்தி கத்தியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வதையும் பழைய வேர்மிச்சங்களை அகற்றுவதையும் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பூப் பறிக்கக் கத்தியே வேண்டாம். தண்டைக் கையால் ஒடித்தாலே போதும், விரல் சாற்றில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

புலி லில்லியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆரஞ்சு இதழில் கரும்புள்ளிகளோடு பூக்கும் இந்தச் செடி வைரஸைத் தாங்கிக்கொண்டு எந்த நோவும் காட்டாமல் வளரக்கூடியது. இதன் பெரும்பாலான தோட்ட வகைகள் வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை, விதை பிடிக்காதவை; இலைக்கோணங்களில் உருவாகும் கருமையான மணிகள் உதிர்ந்தே பெருகும். அதனால் விதை வழியே தூய்மையாக்கும் வாய்ப்பு இதற்கு இல்லை, ஒவ்வொரு மணியும் தாயின் தொற்றைச் சுமந்தே முளைக்கும். புலி லில்லியும் மற்ற லில்லிகளும் ஒரே தோட்டத்தில் வேண்டும் என்பவருக்கு நான் தரும் பதில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே. புலி லில்லி மட்டும் உள்ள தோட்டத்தில் அது பல்லாண்டு பூக்கும். மற்றவற்றை விரும்புபவர் அதன் மணிகளைக்கூட அண்டைவீட்டிலிருந்து வாங்கக்கூடாது. கொடுக்கவும் வாங்கவும் விரும்பினால் ஈஸ்டர் லில்லியின், ரீகல் லில்லியின் முற்றிய காய்களைக் காகித உறையில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.